பதப்படுத்திய இறைச்சி என்றால் எது? ஸ்டுட்கார்ட்டில் நான் அலைந்து தெரிந்துகொண்டவை

படிப்புக்கும் வேலைக்கும் ஜெர்மனி வரும் நம் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். விசா, வீடு, மொழி எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே காலை, மதியம், இரவு என்று தட்டில் வந்து விழும் சாசேஜ், சலாமி, ஹாம் போன்ற பதப்படுத்திய இறைச்சி பற்றி மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் ஒரு வருடத்துக்கு மேல் பயத்திலும் குழப்பத்திலும் போனது. சுமார் 600 யூரோவும், உடம்பில் இருந்த சதையும் சேர்ந்து போயின. அதையெல்லாம் தனியாகவே கடந்தேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

நான் திருச்சிப் பக்கம். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள், மற்ற நாள் சைவம், இடையில் மீன். 2016-ல் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தபோது மாதம் 720 யூரோவில் வாழ வேண்டும். வாடகை போக மிஞ்சுகிற காசில் சமைக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் லியோனர் என்று மெல்லிய இளஞ்சிவப்பு வட்டங்களாக வெட்டிய சாசேஜ் ஒரு பாக்கெட் இரண்டு யூரோவுக்குள் கிடைக்கும். ரொட்டியில் வெண்ணெய் தடவி அதை வைத்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. மதியம் ரயில் நிலையத்தில் லேபர்கேஸ் வைத்த பன். அரைத்த இறைச்சியைச் செங்கல் மாதிரி சுட்டு, சூடாகத் துண்டு போட்டுத் தருவார்கள், குளிருக்கு அவ்வளவு சுகமாக இருக்கும். இரவு இங்கே பெரும்பாலும் அடுப்பு மூட்டாத சாப்பாடுதான்: ரொட்டி, சீஸ், சலாமி, புகையிட்ட ஹாம். இந்த வட்டாரத்துக்கே உரிய மவுல்டாஷன் என்ற கொழுக்கட்டை மாதிரியான பண்டத்திலும் சாசேஜ் விழுது கலப்பது வழக்கம். வேலை கிடைத்து கையில் காசு வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. உடன் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் அதைத்தான் சாப்பிட்டார்கள், எனக்கும் அது சாதாரணச் சாப்பாடாகவே தெரிந்தது.

2023 தொடக்கத்தில் மலத்தில் ரத்தம் தெரிந்தது. அப்போது எனக்கு 33 வயது. வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தது. மூலமாக இருக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள், அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. இந்த இடத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பெருங்குடல் பரிசோதனை 50 வயதுக்கு மேல்தான் என்று ஒரு பேச்சு உண்டு. அது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான தடுப்புப் பரிசோதனைக்குச் சொல்வது. ரத்தம் மாதிரி அறிகுறி இருந்தால் வயது கணக்கில்லை, அரசுக் காப்பீடே செலவை ஏற்கும். குடும்ப மருத்துவரிடம் போய், சிபாரிசுச் சீட்டு வாங்கி, குடல் மருத்துவரிடம் நேரம் கேட்க வேண்டும். நான் கூப்பிட்ட இடங்களில் மாதக்கணக்கில் தள்ளித்தான் நேரம் தந்தார்கள். இரவில் படுத்தால் தூக்கம் வராது. 116117 என்ற எண்ணைப் பற்றி வெகு நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். குடும்ப மருத்துவர் சிபாரிசுச் சீட்டில் அவசரக் குறியீடு ஒன்று போட்டுத் தந்தால், அந்த எண்ணில் பேசி நான்கு வாரத்துக்குள் எங்காவது ஒரு நிபுணரிடம் நேரம் வாங்கிவிடலாம். மருத்துவர் தானாகப் போட்டுத் தர மாட்டார், கேட்டு வாங்குங்கள்.

அடுத்த அடி, தனியாக வாழ்வதால் வந்தது. பரிசோதனைக்கு மயக்கம் கொடுப்பார்கள், அதன் பிறகு அழைத்துப்போக ஒரு ஆள் வர வேண்டும். முதல் தடவை அதை எனக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. ஜெர்மன் மொழியில் தந்த பல பக்கத் தாளில் எங்கோ ஒரு வரியாக இருந்ததாம். முந்தின நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, லிட்டர் லிட்டராகப் பேதி மருந்து குடித்து, விடுப்பும் போட்டுப் போய் நின்றவனை, ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடு வீதியில் நின்று அழுதேன். அடுத்த நேரம் கிடைக்க மறுபடி வாரக்கணக்கில் ஆனது. அலுவலகத்தில் ஒரு அண்ணா, மதுரைக்காரர், நான் விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா இவ்வளவு நாள் தனியா கிடந்த?" என்று கேட்டுவிட்டு இரண்டாம் தடவை கூடவே வந்தார். உங்களுக்கு ஆள் இல்லை என்றால் நேரம் வாங்கும்போதே கேளுங்கள். மயக்கம் இல்லாமல் செய்ய முடியுமா, டாக்ஸியில் போனால் விடுவார்களா என்பது ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. இன்னொன்று, பரிசோதனைக்கு முன் சில நாட்கள் விதையுள்ள எதுவும் கூடாது. தாளில் தக்காளி, திராட்சை, கசகசா தூவிய ரொட்டி என்று இருக்கும். நம் சமையலுக்கு அது கடுகு, சீரகம், மிளகாய் விதை, எள் எல்லாம்தான். தாளிக்காமல் வெறும் மோர் சாதமாகச் சாப்பிடுங்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தம் வந்தது மூலத்தால்தான். ஆனால் உள்ளே போன கேமராவில் 1 சென்டிமீட்டருக்குள் ஒரு பாலிப், அதாவது குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி, தெரிந்தது, அங்கேயே எடுத்துவிட்டார்கள். அடினோமா என்று அறிக்கை வந்தது. புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் பல வருடங்களில் அப்படி மாறக்கூடிய வகை. ஐந்து வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள். விடைபெறும்போது மருத்துவர் ஒரே ஒரு வரி சொன்னார்: "பதப்படுத்திய இறைச்சியைக் குறையுங்கள்." எது பதப்படுத்தியது, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த ஒரு வரிதான் என்னை அதற்குப் பிறகு பல மாதம் ஆட்டிவைத்தது. தேடினால் முதலில் கண்ணில் படுவது, உலக சுகாதார நிறுவனம் இதைப் புகையிலை இருக்கும் அதே பட்டியலில் வைத்திருக்கிறது என்ற செய்தி. தினமும் சிகரெட் பிடித்த மாதிரி வருடக்கணக்கில் வாழ்ந்திருக்கிறேனா என்று நெஞ்சு படபடத்தது. அம்மாவிடம் அப்போதுதான் சொன்னேன். "இனிமே கறிப் பக்கமே போகாத தம்பி" என்று அழுதார். எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆட்டுக்கறி, கோழி, மீன், டின் மீன், முட்டையைக்கூட. சமைக்கத் தெரிந்ததும் குறைவு, பருப்பும் சாதமும்தான். எடை இறங்கியது, படி ஏறினால் மூச்சு வாங்கியது, ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து குறைந்திருந்தது. இடையில் குடல் கிருமிகளைக் கணக்கெடுத்துச் சொல்லும் ஒரு பரிசோதனைப் பெட்டியை 180 யூரோ கொடுத்து வாங்கினேன். அந்த அறிக்கையை என் மருத்துவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதை வைத்துச் சிகிச்சை எதுவும் மாறாது என்றார். உணவு ஆலோசகர் என்று ஒருவரிடம் சில அமர்வுகள், மிச்சப் பணம் அங்கே. அவர் காப்பீடு ஏற்கும் சான்றிதழ் பெற்றவர் இல்லை என்பது பணம் திரும்பக் கேட்டபோதுதான் தெரிந்தது. ஜெர்மனியில் உணவு ஆலோசனை தேவைப்பட்டால், முதலில் மருத்துவரிடம் அதற்கான தேவைச் சான்று வாங்குங்கள். பிறகு காப்பீட்டு அலுவலகத்தில் கேட்டு அவர்கள் ஏற்கும் ஆலோசகரிடம் போனால் செலவில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும்.

கடைசியில் எனக்குத் தெளிவு தந்தது அந்த வகைப்பாட்டைச் செய்தவர்களின் சொந்த விளக்கம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களைக் கூட்டி, 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்து முடிவு சொன்னது. சுவைக்காகவோ கெடாமல் இருக்கவோ உப்பிட்டு ஊறவைத்தல், புளிக்கவைத்தல், புகையிடுதல் போன்ற முறைகளால் மாற்றிய இறைச்சி எல்லாம் பதப்படுத்திய இறைச்சி. ஹாட் டாக், சாசேஜ், ஹாம், சலாமி, உலர்த்திய மாட்டிறைச்சி, டின் இறைச்சி இதில் வரும். பன்றியும் மாடும் மட்டும் இல்லை, கோழி சாசேஜும் ரத்தம், ஈரல் சேர்த்த சாசேஜும் அடக்கம். ஆனால் கறிக்கடையில் வெட்டியது, கொத்துக்கறியாக அரைத்தது, வெறுமனே உறையவைத்தது, வீட்டில் மசாலா தடவி ஊறவைத்தது எதுவும் பதப்படுத்தியது ஆகாது. அரைத்தாலே பதப்படுத்தியதுதான் என்று பயந்து கைமாவையே நான் தொடாமல் இருந்த மாதங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

குழப்பம் வருவது எல்லையில் இருக்கும் பண்டங்களில். வெள்ளையாக இருக்கும் முனிச் சாசேஜிலும், அடுப்பில் வாட்டுகிற பெரும்பாலான பிராட்வர்ஸ்ட் சாசேஜிலும் நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பைச் சேர்ப்பதில்லை. இத்தாலியின் பார்மா ஹாமில் பன்றித் தொடையும் உப்பும் தவிர வேறு எதுவும் இல்லை. இருந்தாலும் விளக்கத்தின்படி இவையும் பதப்படுத்தியவைதான். துருக்கிக் கடையில் கம்பியில் குத்திச் சுழற்றிச் சுடும் டோனர் என்ற இறைச்சியை ஒரே பெயரில் அடைக்க முடியாது. துண்டு இறைச்சியை மசாலா தடவி அடுக்கியது என்றால் அது சுட்ட கறி. அரைத்த இறைச்சியில் பாஸ்பேட் கலந்து உறையவைத்துத் தொழிற்சாலையிலிருந்து வருவதை நான் சாசேஜ் பக்கம்தான் வைக்கிறேன். ரொட்டித் தூள் தடவிய கோழி நக்கெட்டில் நைட்ரைட் பெரும்பாலும் இருக்காது. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான நோவா என்ற வகைப்பாட்டில் அது மிகையாகப் பதப்படுத்திய உணவு என்று வரும். அது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிற காணொளிகள்தான் என் பயத்தைப் பெருக்கின.

நைட்ரைட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கடையில் நின்று முடிவெடுக்க இது உதவும். சோடியம் நைட்ரைட் கலந்த உப்பைச் சேர்ப்பது வீண் வேலை இல்லை. பொட்டுலிசம் என்ற உயிர் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும் கிருமியை அது தடுக்கிறது, நிறத்தையும் காக்கிறது. சிக்கல் என்னவென்றால், அது இறைச்சியின் புரதச் சிதைவுப் பொருள்களோடு சேர்ந்து நைட்ரோசமின் என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வகைச் சேர்மங்களாக மாறலாம். கடும் சூட்டில் வறுத்தால் அது கூடும். சிவப்பு இறைச்சியில் (மாடு, பன்றி, ஆடு) இருக்கும், அதற்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீம் இரும்பு குடலுக்குள்ளும் இப்படிப்பட்ட சேர்மங்கள் உருவாகத் துணைபோகிறது. கண்ணுக்கு ஒரு எளிய அடையாளம் உண்டு: வீட்டில் வேகவைத்த பன்றியோ கோழியோ சாம்பல், பழுப்பு, வெள்ளை நிறத்துக்குப் போகும். வெந்த பிறகும் ரோஜா நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் நைட்ரைட் சேர்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டதைத் தணலில் வாட்டவோ எண்ணெயில் மொறுமொறுவென்று வறுக்கவோ வேண்டாம். பாக்கெட்டில் இ 249, இ 250 என்றால் நைட்ரைட், இ 251, இ 252 என்றால் நைட்ரேட். இந்தியப் பாக்கெட்டுகளில் அதே எண்கள் ஐஎன்எஸ் என்ற முன்னொட்டோடு இருக்கும், ஊரில் உள்ளவர்களும் பார்த்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் 'நிட்ரிட்பொகல்சால்ஸ்' என்ற நீளமான சொல்லைத் தேடுங்கள். உணவகங்களிலும் அலுவலகக் கேன்டீனிலும்கூட மெனுவில் பண்டத்தின் பெயரை ஒட்டிக் குட்டி எண்கள் இருக்கும். அந்தப் பலகையின் அடியில் எந்த எண் எந்தச் சேர்க்கைப் பொருள் என்று எழுதியிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

அடுத்து, வான்கோழி மார்பு என்று மெல்லியதாக வெட்டி, 2 சதவீதம் கொழுப்பு, புரதம் அதிகம் என்று பச்சை நிறப் பாக்கெட்டில் விற்பார்கள். உடற்பயிற்சி செய்கிற பிள்ளைகள் எல்லோரும் வாங்குகிறார்கள். திருப்பிப் பார்த்தால் அதே நைட்ரைட் உப்பு இருக்கும். ஹீம் இரும்பு அதில் குறைவு என்பது உண்மைதான், ஆனாலும் அது பதப்படுத்திய இறைச்சியே. இயற்கை உணவு முத்திரை இருந்தால் போதும் என்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது இயற்கை முத்திரை குறைந்த அளவு நைட்ரைட்டை அனுமதிக்கிறது. டெமெட்டர், பயோலாண்ட் போன்ற சங்கங்களின் முத்திரைதான் அதை முழுவதும் தடுக்கிறது, விலை இரண்டு மடங்குக்கு மேல் போகும். சில வாரம் அதையும் வாங்கிப் பார்த்தேன். உப்பும் புகையும் அதிலும் இருக்கின்றன, அந்தக் காசுக்கு நல்ல கோழியே வாங்கிச் சமைக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

சரி, எவ்வளவு பயப்பட வேண்டும்? அந்த முகமையின் கணக்கில், தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது. 18 சதவீதம் என்று கேட்டதும் நூறில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை. ஜெர்மனி, பிரிட்டன் போன்ற நாடுகளில் வாழ்நாளில் 100 பேரில் ஏறக்குறைய 5, 6 பேருக்கு இந்த நோய் வருகிறது. அந்த 6 என்பது 7 ஆகும், அவ்வளவுதான். புகையிலையோடு ஒரே பட்டியலில் வைத்ததற்குக் காரணம், புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று இரண்டிலும் உறுதியாக இருக்கிறது என்பது. இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. முகமை மேற்கோள் காட்டிய மதிப்பீட்டிலேயே, உலகில் பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் வருடத்துக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள், புகையிலையால் சுமார் 10 லட்சம். இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் நான் அத்தனை இரவு விழித்திருக்க மாட்டேன். மறுபக்கமும் பாருங்கள்: 50 கிராம் என்பது லியோனரில் சில வட்டம்தான். காலை ரொட்டி, மதியம் ஒரு கனத்த துண்டு லேபர்கேஸ், இரவு சலாமி என்று போன என் கணக்கு அதைப்போல மூன்று நான்கு மடங்கு, அதுவும் வருடக்கணக்கில் தினமும். என் பாலிப் இதனால்தான் வந்தது என்று எந்த மருத்துவரும் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. அடினோமா சைவம் சாப்பிடுகிறவருக்கும் வரும்.

இறைச்சியைக் குறைக்கவே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. 2019-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு பன்னாட்டுக் குழு, சான்றுகள் வலுவாக இல்லை, இப்போது சாப்பிடும் அளவைத் தொடரலாம் என்று எழுதியது. பெரிய சண்டையே நடந்தது. பெரும்பாலான அமைப்புகள் அதை ஏற்கவில்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் சிவப்பு இறைச்சியை வாரம் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது, பதப்படுத்தியதை மிகக் குறைவாக அல்லது தொடாமலே இருக்கச் சொல்கிறது. ஜெர்மன் ஊட்டச்சத்துச் சங்கம் 2024 மார்ச்சில் இறைச்சி, சாசேஜ் எல்லாம் சேர்த்தே வாரம் 300 கிராமுக்கு மேல் வேண்டாம் என்றது. என் முடிவு இதுதான்: தினமும் சாப்பிடுவது நின்றால் பெரும்பகுதி வேலை முடிந்தது. பிறந்தநாள் விருந்தில் ஒரு பிராட்வர்ஸ்டைப் பார்த்து யாரும் நடுங்க வேண்டாம். குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தவர்களும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் இன்னும் கறாராக இருக்கலாம். இந்த வகை இறைச்சியில் உப்பு மிக அதிகம், அது இன்றைக்கே உடம்பில் தெரியும்.

ரொட்டிக்கு நடுவில் என்ன வைப்பது என்பதுதான் நடைமுறையில் பெரிய கேள்வி. ஞாயிறு மாலை கோழித் தொடை வாங்கி மிளகு, மஞ்சள், பூண்டு போட்டு வேகவைத்துப் பிய்த்து வைத்தால் மூன்று நாள் குளிர்பெட்டியில் நிற்கும். மற்ற நாள் முட்டைப் பொடிமாஸ், கொண்டைக்கடலை விழுது, நிலக்கடலைச் சட்னி தடவிய வெள்ளரி, இங்கே மலிவாகக் கிடைக்கும் குவார்க் என்ற தயிர்க்கட்டி. செலவு பழைய கணக்கை விடக் கூடவில்லை. வாரம் ஒருநாள் ஆட்டுக்கறி உண்டு. ஆட்டுக்கறியும் சிவப்பு இறைச்சிதான், கோழி இல்லை. சிவப்பு இறைச்சியை 'பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற இரண்டாம் நிலையில் வைத்திருக்கிறார்கள். இரும்புச் சத்து மறுபடி ஏறிவிட்டது.

ஊரிலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள்: நம் உப்புக்கண்டம்? விளக்கத்தின்படி உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, ஆகவே அதுவும் பதப்படுத்தியதுதான். ஆனால் வருடத்தில் சில தடவை குழம்பில் போடுவதையும் தினசரி சலாமியையும் ஒரே தட்டில் நிறுத்தக் கூடாது. கருவாடு மீன், இந்தக் கணக்கில் வராது. அதில் பார்க்க வேண்டியது உப்பு. தென்சீன முறையில் உப்பிட்ட மீனைத் தனியாக, மூக்குத் தொண்டைப் புற்றுநோய்க்காக, புகையிலை இருக்கும் அந்த முதல் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அதை நம் கருவாட்டுக்கு அப்படியே ஒட்டிப் பேச வேண்டாம். அப்புறம், பெட்டி கட்டும்போது கவனம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியாவிலிருந்து பயணிகள் இறைச்சி கொண்டுவரக் கூடாது, உப்புக்கண்டம் விமான நிலையத்தில் பறிபோகும், அபராதமும் விழலாம். கருவாடு சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை கொண்டுவரலாம். வாசனை வராமல் கட்டுவது உங்கள் பொறுப்பு.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. 50 வயதுக்கு முன் ஒருவருக்கு அடினோமா கண்டுபிடித்தால், உடன்பிறந்தவர்களும் பெற்றோரும் பிள்ளைகளும், அவருக்குக் கண்டுபிடித்த வயதைவிடப் பத்து வயது முன்பே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று ஜெர்மன் மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. என்னிடம் அதை யாரும் சொல்லவில்லை, நோய்க்கூறு அறிக்கையோடு குடும்ப மருத்துவரிடம் போய்க் கேட்டபோதுதான் சொன்னார். என் தங்கைக்கு வயது முப்பதை நெருங்குகிறது, ஆக அவளுக்கு நேரம் எப்போதோ வந்துவிட்டது. அறிக்கையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பினேன், திருச்சியில் குடல் மருத்துவரிடம் காட்டி அடுத்த மாதத்துக்கு நாள் வாங்கியிருக்கிறாள். அப்பா அம்மாவுக்கும் சேர்த்தே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.